வாரம் முடிந்தாலும் மிஷன் போகாது

பிஜிஎம்ஐ மொபைல் விளையாட்டில் ராயல் பாஸ் வாங்கியிருக்கிறேன். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை என்பதால் விளையாட நேரமே கிடைப்பதில்லை. வார மிஷன்களை எப்படி முடிப்பது?
– வாசகர், திரேஸ்புரம், தூத்துக்குடி

முதலில் பதற்றத்தை விடுங்கள், தம்பி. வாரம் தாண்டினாலும் சீசன் முடியும்வரை பழைய மிஷன்களை முடிக்கலாம். விடுப்பு நாளில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் முத்துக்குளிப்பவர்கள் ஒரு மூச்சுக்கு ஒரே சிப்பியோடு மேலே வந்ததில்லை. நீங்களும் பட்டியலைப் படித்துவிட்டு, ஒரே ஆட்டத்தில் கூடிவருபவற்றைச் சேர்த்து எடுங்கள்: குறிப்பிட்ட துப்பாக்கியால் வீழ்த்துவது, மருந்து பயன்படுத்துவது, வண்டியில் போகவேண்டிய தூரம். கிளாசிக் மோட் கேட்கும் மிஷன், டீம் டெத்மேட்சில் கணக்கில் ஏறாது, அதைக் கவனியுங்கள்.

மேப் பெயர் சொல்லாத மிஷனுக்கு லிவிக்கில் இறங்குங்கள். 2 கி.மீ.க்கு 2 கி.மீ. பரப்பு, 52 பேர். கால் மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். 8க்கு 8 கி.மீ. எரங்கலில் கடைசிவரை நின்றால் அரை மணி நேரம் போகும். நண்பர்களோடு ஆடவேண்டிய மிஷன்களை, அவர்களுக்கும் ஓய்வு கிடைக்கும் நாளுக்கு ஒதுக்குங்கள்.

மிஷனுக்குப் பதிலாக யூசி (விளையாட்டுக்குள் செல்லும் காசு) செலவழித்து பாஸ் ரேங்க் வாங்கும் யோசனையைச் சீசனின் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுங்கள். அதற்குள் பெரும்பாலும் தேவையே இருக்காது.