காலையில் முதல் சிகரெட் எத்தனை மணிக்கு?

"நான் நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்!"

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? கணவரோ, அண்ணனோ, மாமனாரோ... புத்தாண்டன்று விடுவார். பொங்கலுக்குள் சட்டைப்பையில் மறுபடி பாக்கெட் வந்துவிடும். "உங்களுக்கு மன உறுதியே கிடையாது" என்று நீங்கள் திட்ட, அவர் முறைத்துக்கொண்டு மாடிக்குப் போய் இன்னொன்றைப் பற்றவைக்க... வீட்டுக்கு வீடு வாசற்படி!

இனிமேல் திட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காலையில் கண் விழித்த எத்தனையாவது நிமிஷத்தில் அவர் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறார்? பல் தேய்ப்பதற்கு முன்பேயா? அல்லது குளித்து, டிபன் சாப்பிட்டு, ஆபீஸ் போகிற வழியிலா?

இந்தக் கேள்வியை உலகம் முழுக்க டாக்டர்கள் கேட்கும்படி செய்தவர், ஸ்வீடன் நாட்டு மனோதத்துவ நிபுணர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ராம். 1970-களில் உப்சாலா நகரில், சிகரெட்டை விட விரும்புகிறவர்களுக்குச் சிகிச்சை கொடுத்து வந்தார். நகம் கடிப்பது மாதிரி சிகரெட்டும் ஒரு கெட்ட பழக்கம் என்றுதான் அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள். அறிவுரை, கொஞ்சம் மிரட்டல், இவ்வளவுதான் வைத்தியம். ஆனால் ஒரே அறிவுரையைக் கேட்டு ஒருத்தர் சுலபமாக விட்டுவிடுகிறார். இன்னொருத்தர் இரண்டே நாளில் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை என்று தவித்துப்போய் மறுபடி பற்றவைத்துவிடுகிறார். ஏன்?

உடம்பு நிகோடினுக்கு அடிமைப்பட்டிருக்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். முதலில் அதை அளந்துவிட்டு, அவரவருக்கு ஏற்ற சிகிச்சை கொடுக்கவேண்டும் என்றார் ஃபாகர்ஸ்ட்ராம். 1978-ல் எட்டுக் கேள்விகளை வெளியிட்டார். ரத்தம் எடுக்க வேண்டாம், மெஷின் வேண்டாம். பேப்பரும் பேனாவும் போதும்! 1991-ல் வேறு சில ஆய்வாளர்களோடு சேர்ந்து அது ஆறு கேள்விகளாகச் சுருங்கியது.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். புகைப்பவர்தான் பதில் சொல்லவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து "பொய் சொல்லாதீங்க" என்று குறுக்கிடாதீர்கள்.

விழித்த 5 நிமிஷத்துக்குள் முதல் சிகரெட் என்றால் 3 மார்க். 6 முதல் 30 நிமிஷம் என்றால் 2. ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1. அதற்கும் மேல் என்றால் பூஜ்யம். அடுத்தது, ஒரு நாளைக்கு எத்தனை? பத்து வரை பூஜ்யம், இருபது வரை 1, முப்பது வரை 2, அதற்கு மேல் 3. மிச்சமுள்ள நாலு கேள்விக்கும் தலா ஒரு மார்க்தான். சினிமா தியேட்டர், பஸ் மாதிரி தடை செய்யப்பட்ட இடங்களில் புகைக்காமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறதா? விடவே மனசு வராத சிகரெட் காலையில் பிடிக்கிற முதல் சிகரெட்தானா? மற்ற நேரத்தைவிடக் காலை நேரத்தில் அடுத்தடுத்துப் பிடிக்கிறாரா? ஜுரம் வந்து படுத்த படுக்கையாக இருக்கும்போதும் பிடிக்கிறாரா?

மொத்தம் பத்து மார்க். இந்தப் பரீட்சையில் மார்க் குறைய வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர்! 4 வரை என்றால் அடிமைத்தனம் குறைவு. 5 நடுத்தரம். 6, 7 அதிகம். 8 அல்லது அதற்கு மேல் என்றால் மிக அதிகம்.

காலை நேரத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இழுத்த புகையிலுள்ள நிகோடின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. ஆனால் தங்குவதில்லை, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. ராத்திரி ஏழெட்டு மணி நேரத் தூக்கத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். கண் விழிக்கும்போதே மூளை "எங்கே என் பங்கு?" என்று கேட்கிறது. 'ஒரு தம் அடிச்சாத்தான் பாத்ரூமே போக முடியும்' என்கிற பேச்சுக்குப் பின்னால் இருப்பது இதுதான். எட்டு மார்க் வாங்கிய மனிதரைப் பார்த்து, "எதிர்வீட்டுக்காரர் ஒரே நாளில் விட்டாரே" என்று ஒப்பிடுவது நியாயமில்லை. எதிர்வீட்டுக்காரர் இரண்டு மார்க் பேர்வழியாக இருக்கலாம்!

அதிக மார்க் வாங்கியவருக்கு மனோதத்துவ ஆலோசனையோடு மருந்தும் தேவைப்படும். அந்த மருந்தும் ஸ்வீடனில் பிறந்ததுதான். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் புகையிலையை அடக்கிச் சமாளித்ததை லுண்ட் நகர ஆய்வாளர் ஒருவர் கவனித்து, 1967-ல் தன் நண்பர் ஓவே ஃபெர்னோவுக்குச் சொன்னார். மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆராய்ச்சியாளராக இருந்த ஃபெர்னோ, நிகோடின் சூயிங்கத்தை உருவாக்கினார். 1978-ல் ஸ்விட்சர்லாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இதை ஆராய்ந்த ஃபாகர்ஸ்ட்ராம், பின்னாளில் இத்தகைய மருந்துகளைத் தயாரிக்கும் தொழிலிலேயே பல வருஷம் வேலை பார்த்தார். இது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். ஆனால் கம், பேட்ச் போன்றவை வெற்றி வாய்ப்பை ஒன்றரை மடங்காக்குகின்றன என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

'மாலுமி மாதிரி நானும் புகையிலை போட்டுக்கறேன்' என்று மட்டும் கிளம்பிவிட வேண்டாம்! நம்மூர்ப் புகையிலையும் குட்காவும் வாய்ப் புற்றுநோய்க்கு நேர் வழி.

கம்மை பபிள்கம் மாதிரி மெல்லவும் கூடாது. மெதுவாக மென்று, சுருசுருவென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படியே. மடமடவென்று மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிஞ்சும். காபி குடித்த கையோடு போட்டால் நிகோடின் சரியாக உடம்பில் சேராது. கால் மணி நேரம் பொறுக்கவேண்டும். விழித்த அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. பாருங்கள், இங்கேயும் அதே முதல் கேள்விதான்! இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

விட்ட முதல் வாரம்தான் கடுமையானது. எரிச்சல், கோபம் எல்லாம் பெரும்பாலும் இரண்டு முதல் நாலு வாரத்தில் தணிந்துவிடும். அந்த நாட்களில் அவர் சிடுசிடுத்தால், கொஞ்சம் காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

2012-ல் ஃபாகர்ஸ்ட்ராம் தன் பரீட்சையின் பெயரையே மாற்றினார். அதுவரை 'நிகோடின் சார்பு' என்றிருந்ததை 'சிகரெட் சார்பு' என்றார். ஆளைக் கட்டிப்போடுவது நிகோடின் மட்டுமல்ல என்பது அவர் கருத்து. விரலிடுக்கில் பிடிப்பது, புகையின் ருசி, டீக்கடை வாசல், சாப்பாடு முடிந்த கணம்... எல்லாமே இழுக்கும். அதனால் கம் வாங்குகிற கையோடு, சாப்பாடு முடிந்ததும் அவரை அழைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். ஆலோசனைக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. தேடவே வேண்டாம், அவருடைய சிகரெட் பாக்கெட் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.