தகரக் கூரைச் சட்டம் ஓட்டைத் தாங்குமா?

நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி வந்து தங்கும் நம் ஆரியசாலையில், மொட்டைமாடிக்கு மேல் இரும்புச் சட்டம் அமைத்துத் தகரம் போடாத வீடு இப்போது குறைவு. இடவப்பாதி மழைக்கு அது நல்ல காப்பு. ஆனால் மாசி, பங்குனி வெயிலில் அதன் கீழ் நிற்க முடியாது. உடனே, "தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட்டால் என்ன?" என்ற யோசனை வருகிறது.

சென்ற ஆண்டு எங்களுக்கு வேண்டிய ஒரு குடும்பத்துப் பையன் இதே கேள்வியோடு வந்தான். பக்கத்தில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து 800 மங்களூர் ஓடு மலிவாகக் கிடைத்துவிட்டதாம்.

"மாமா, சட்டம் போடும்போதே பின்னால ஓடு போடலாம்னுதான் சொன்னாங்க. வெல்டரைக் கேட்டா 'ஒன்னும் பேடிக்கண்டா'ங்கறார். நீங்க ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லுங்க."

நான் கேட்டது ஒன்றுதான்: "மாடிக்குக் கீழே யார் படுக்கிறார்கள்?" அவனுடைய பாட்டி என்றான். அன்று மாலையே போனேன்.

ரயில்வேயில் பாலத்தின் மேல் கனமான எஞ்சினை விடுவதற்கு முன், பாலம் எந்தச் சுமைக்குக் கட்டப்பட்டது என்று பார்ப்போம். கூரைக்கும் முறை அதுவே. சுமை எவ்வளவு, அது எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது, வழியில் எந்த இடம் பலவீனம் என்று பார்க்கவேண்டும்.

முதலில் சுமை. சாலைக் கடைத்தெருவில் தராசுக்குப் பஞ்சமில்லை. பத்து ஓட்டை எடுத்து நிறுத்துப் பாருங்கள். பிறகு இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி நிறுங்கள். களிமண் ஓடு நீர் குடிக்கும். மழைக்காலத்தில் கூரை சுமப்பது அந்த ஈர எடையைத்தான். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு வேண்டும். ரீப்பரையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 65 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். அரை மில்லிமீட்டர் தகரமோ 5 கிலோதான். அதாவது பதின்மூன்று மடங்கு.

அந்த வீட்டு மாடி 30 அடி நீளம். நடுவில் முகடு, இரு பக்கமும் 10 அடிக் கைமரம், 5 அடிக்கு ஒன்று. சாய்வு 30 பாகை, அதில் குறையில்லை. (வெறும் தகரத்துக்கென்று 10, 12 பாகையில் அமைத்த சட்டமானால் ஓட்டுப் பேச்சையே விட்டுவிடலாம். அந்தச் சாய்வில் காற்றடிக்கும் மழை ஓட்டின் இடுக்கு வழியே உள்ளே ஏறிவிடும்.) இரு சாய்வும் சேர்த்து 54 சதுர மீட்டர். தகரம் 270 கிலோ. ஓடானால் மூன்றரை டன்.

அடுத்து, கைமரம். 2 அங்குலச் சதுரக் குழாய், கனம் 2 மி.மீ. இதை ரசீதைப் பார்த்து எழுதிக்கொள்ளாதீர்கள். முனை மூடியைக் கழற்றிக் காலிப்பர் வைத்து அளக்கவேண்டும். வேறொரு வீட்டில் 2 மி.மீ. என்று காசு கொடுத்திருந்தார்கள்; அளந்தபோது 1.6 தான் இருந்தது.

கணக்கு இப்படி. ஓடு, ரீப்பர் 65 கிலோ, சட்டத்தின் சொந்த எடை 10 கிலோ, ஆக 75. கைமரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் ஆகையால் ஒரு மீட்டர் நீளக் குழாயின் மேல் 112.5 கிலோ. இதை நீளத்தால் (3 மீட்டர்) இருமுறை பெருக்கி 8-ஆல் வகுத்தால் சுமார் 127 கிலோ-மீட்டர். இதுதான் குழாயை வளைக்கும் திறன். இதைக் கிலோ-சென்டிமீட்டராக்கி, குழாயின் செக்‌ஷன் மாடுலஸ் 5.9-ஆல் வகுத்தால், இரும்பில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2,150 கிலோ தகைவு. சாதாரண இரும்புக்கு நாம் அனுமதிப்பது 1,650. சுமார் 2,500-ல் அது நிரந்தரமாக வளைந்துவிடும். மழைக்கு முன் ஓடு மாற்ற 75 கிலோ ஆள் ஒருவர் நடுவில் கால் வைத்தால் மேலும் 950 கூடி 3,100 ஆகிறது. சாய்வினால் கிடைக்கும் சிறு சலுகையை நான் கழிக்கவில்லை, கழித்தாலும் தேறாது.

தகரத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 430. ஆள் ஏறினாலும் 1,380. எனவே சட்டம் போட்டவர் தகரத்துக்குத் தவறாகப் போடவில்லை. "பின்னால் ஓடு போடலாம்" என்ற வாக்குத்தான் தவறு.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு நூல் சோதனை உண்டு. கைமரத்தின் இரு முனைக்கும் நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் எவ்வளவு தொய்வு என்று அளக்கவேண்டும். அங்கே தகரத்தோடு 8 மி.மீ. இருந்தது, கணக்கும் அதையே சொன்னது. ஓடு ஏறினால் அது 38 மி.மீ. ஆகும். கூரை விழுவதற்கு வெகு முன்பே ஓடுகள் வாய் பிளந்து ஒழுகத் தொடங்கும். ஏற்கெனவே ஓடு மாற்றியவர்கள் வீட்டில் புதிதாக ஒழுக்குக் கண்டால், ஓட்டைப் பார்க்குமுன் நூலைக் கட்டிப் பாருங்கள்.

கைமரத்தைக்கூடப் பெரிதாக மாற்றிவிடலாம். என்னைக் கவலைப்படுத்தியது முகட்டைத் தாங்கிய தூண்கள். 15 அடிக்கு ஒன்றாக மூன்று தூண். ஓரத்து இரண்டும் வெட்டுக்கல் சுவர் மேல் நிற்கின்றன. நடுத்தூண், ஒரு சாண் தகட்டின் மேல், தளத்தின் நட்டநடுவில் நிற்கிறது. கூரையின் கால் பங்கு அந்த ஒரு தூண் வழியாக இறங்குகிறது. தகரத்துக்கு அது 200 கிலோ. ஓட்டுக்கு ஒரு டன். வீட்டு மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ ஆள்நடமாட்டச் சுமைக்குத்தான் போடுவார்கள். ஒரே புள்ளியில், இரவும் பகலும் ஒரு டன் என்பது வேறு விஷயம். அந்தத் தூணுக்கு நேர் கீழேதான் பாட்டியின் கட்டில். அறையில் விட்டத்தை அண்ணாந்து பார்த்தேன். கம்பி துருப்பிடித்து ஓரிடத்தில் பூச்சு ஏற்கெனவே உதிர்ந்திருந்தது.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடு கனமானதால் பறக்காது என்பார்கள், பாதி உண்மை. நம் நகரத்துக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. பக்கங்கள் திறந்த மாடிக் கூரையைக் காற்று கீழிருந்தும் தூக்கும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் இந்தக் கரையை ஒட்டிப் போனதை மறந்திருக்க மாட்டோம். ஆகவே தகரமோ ஓடோ, தூணின் அடித்தகடு சுவருக்குள் போல்ட்டால் பிணைக்கப்பட வேண்டும். இறவாணத்து ஓட்டு வரிசையைக் கம்பியால் கட்டவேண்டும்.

இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. வீட்டின் பின்புறம் ஒட்டிக் கட்டிய கண்ணாடி அறையை அங்கே கன்சர்வேட்டரி என்கிறார்கள். அதன் பிளாஸ்டிக் கூரையை ஓடு பதித்த கனமான கூரையாக மாற்ற விரும்பினால், சட்டமும் அஸ்திவாரமும் தாங்கும் என்று கட்டட விதிப்படி ஒப்புதல் பெறவேண்டும். இங்கே வெல்டரிடம் அந்தக் கேள்வியை நாமேதான் கேட்கவேண்டியிருக்கிறது.

பையனுக்கு இரண்டு வழி சொன்னேன். ஒன்று, பழைய ரயில்வே கொட்டகைகளில் காணும் கிங் போஸ்ட் ட்ரஸ். எதிரெதிர்க் கைமரங்களின் அடியை ஒரு குறுக்குக் கட்டையால் பிணைத்து, அதன் நடுவிலிருந்து முகட்டுக்கு ஒரு நிமிர்கட்டை, அதன் அடியிலிருந்து இரு கைமரத்தின் நடுவுக்கும் சாய்ந்த முட்டு. கைமரம் பாதி நீளமாகிவிடுவதால் வளைக்கும் திறன் நாலில் ஒன்றாகும். சுமை முழுதும் இரு பக்கச் சுவருக்குப் போய்விடும். நடுத்தூணை அறுத்தே எடுத்துவிடலாம். ஆனால் அந்தச் சுவர்களையும் பற்றவைப்புகளையும் ஒரு கட்டட எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மற்றொன்று, தகரத்தை விட்டுவைத்து மேலே வெள்ளைப் பூச்சு அடித்து, முகட்டில் சூடு வெளியேற வழி விடுவது.

செலவைக் கேட்டதும் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்கள். தளத்துக் கம்பியை முதலில் செப்பனிட்டார்கள். அதுவரை பாட்டியின் கட்டில் முன்னறைக்கு மாறியது. ஓட்டில் முந்நூறு விலைபோய்விட்டது. மீதி கிணற்றடியில் அடுக்கியிருக்கிறது.