கடைக்கு வருபவர் சொல்லும் கதை

 

நமது தொழிலில் கைக்கு எவ்வளவு வேலை உண்டோ அவ்வளவு வேலை காதுக்கும் உண்டு. காலையில் கதவைத் திறந்தது முதல் இரவு கணக்கு முடிக்கும் வரை யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றை நம்மிடம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். அரிசி வாங்க வந்த அம்மாள் மகளின் பிரசவத்தைச் சொல்வார். வெற்றிலை வாங்க வந்த கிழவர், தாம் பால் மரம் சீவிய தோட்டத்தில் இன்று வரிசை வரிசையாக வீடுகள் எழும்பிவிட்டதைச் சொல்வார். நாமோ "ஆமாம், ஆமாம்" என்று தலையை ஆட்டிக்கொண்டே தராசைப் பார்ப்போம். வாடிக்கையாளர் மனம் கோணாமல் இருக்க இது போதும் என்று எண்ணுவோர் நம்மில் பலர். சாமானிய மக்கள் சொல்லும் அன்றாடக் கதைகளில், ஏட்டில் எங்கும் கிடைக்காத செய்திகள் இருக்கின்றன என்பதையும், அவற்றைக் கேட்பதற்கென்று ஒரு முறை உண்டு என்பதையும் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர நமக்கு வேறு படிப்பில்லை. ஆயினும் மத்ரஸாவில் ஹஜ்ரத் அவர்கள் சொல்லித்தந்த ஒரு ஹதீஸ் இந்த விஷயத்தில் நமக்கு எப்போதும் நினைவுக்கு வரும். பதினொரு பெண்கள் கூடி உட்கார்ந்து, தத்தம் கணவரைப் பற்றி ஒளிக்காமல் பேசிக்கொண்ட கதையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியிருக்கிறது. போர்ச் செய்தியோ சட்டப் பிரச்சினையோ அதில் ஒன்றும் இல்லை, வீட்டுப் பேச்சுத்தான். ஒருத்தி குறை சொல்கிறாள், ஒருத்தி புகழ்கிறாள். ஒரு பெரும் சமுதாயத்தின் பொறுப்பைத் தோளில் சுமந்தவர்கள் அந்த நீண்ட கதையைக் கேட்டு, அதற்கு அன்பான மறுமொழியும் சொன்னார்கள். "எனக்கு நேரமில்லை" என்று வாடிக்கையாளரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாம் அதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிற்க. ஏட்டில் கிடைக்காத செய்தி என்றோமே, அதற்கு ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும்.

ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட்டதை அறியாதவர் மலாயாவில் இல்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், பிழைத்து ஊர் திரும்பியவர்கள் புத்தகம் போட்டார்கள். 1957இல் வந்த புகழ் பெற்ற சினிமாவும் அவர்கள் கதைதான். காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் அடங்கியிருக்கிறார்கள். ஆனால் அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளிகள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். இறந்தவர் தொகையோ ஆளுக்கொரு விதமாக இருக்கிறது. அவர்களிடம் நாட்குறிப்பு இல்லை. எழுதத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே. அவர்கள் பட்டது அவர்கள் வாயில்தான் இருந்தது.

அப்படிப்பட்ட ஒருவர் 2005ஆம் ஆண்டு வாக்கில் நமது கடைக்கு வந்துகொண்டிருந்தார். நமது கடை சுங்கைப் பட்டாணிப் பக்கம் இருக்கிறது. அவருக்கு வயது எண்பது இருக்கும். வாரம் ஒரு முறை வருவார். எது வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு பொட்டலம் உப்பு வாங்குவார். ஒரு நாள், "தாத்தா, போன வாரம்தானே உப்பு வாங்கினீர்கள், வீட்டில் இருக்குமே" என்று கேட்டோம். "இருக்கட்டும் தம்பி. உப்பில்லாமல் ஒரு மழைக்காலம் முழுக்கச் சோறு தின்றவன் நான்" என்றார். கதை அங்கே தொடங்கிற்று. முடிய ஏழு மாதம் ஆயிற்று.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொல்லி அழைத்தார்களாம். சாமான் ஏற்றும் ரயில் பெட்டியில் போய் இறங்கிய ஊர் பான் பொங். அவர் வாயில் அது "பாம்பாங்" என்று வரும். அங்கிருந்து காட்டுக்குள் நடை. வாந்திபேதி வந்த மழைக்காலத்தில், மாலையில் பக்கத்தில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்பதை, நேற்று நடந்ததுபோல் சொன்னார். தம்முடைய லயத்திலிருந்து போனவர் பதினான்கு பேர், திரும்பியவர் மூவர். மற்றப் பதினொரு பேரின் பெயரையும் சொல்லி, "எங்காவது எழுதி வை தம்பி" என்றார். பெயர்களை அவர் சொன்ன விதம் கவனிக்கத் தக்கது. லயத்தின் கோடியிலிருந்து தொடங்கி, முதல் வீட்டுக்காரர், அடுத்த வீட்டு அண்ணன் தம்பி, கிணற்றடி வீட்டுப் பையன் என்று வீடு வீடாக நடந்துகொண்டே சொன்னார். இருவருக்குப் பட்டப்பெயர் மட்டும் அவருக்கு நினைவிருந்தது. அதையும் அப்படியே எழுதினோம். கைக்கு அகப்பட்டது கடன் எழுதும் 555 புத்தகம்தான். ஆகவே மைசூர்ப் பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவே அந்தப் பதினொரு பெயர்களும் இருக்கின்றன.

அவர் காலமான பிறகு, பாக்கியைத் தீர்க்க அவருடைய பேத்தி வந்தார். புத்தகத்தைப் புரட்டும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்து, "இவர்களெல்லாம் யார் பாய்?" என்று கேட்டார். சொன்னோம். தாத்தா சயாமுக்குப் போனவர் என்பதே வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம்! அந்தப் பெண் கல்லாப் பக்கம் நின்றபடியே அரை மணி நேரம் அதைத் தம் கைப்பட எழுதிக்கொண்டு போனார்.

வீட்டில் சொல்லாததைக் கடையில் ஏன் சொன்னார் என்று நாம் பல நாள் யோசித்ததுண்டு. வீட்டில் சொன்னால் அழுவார்கள். கடையில் சொன்னால், அடுத்த ஆள் சீனி கேட்டு வந்ததும் பாதியில் நிறுத்தலாம், மறு வாரம் தொடரலாம், தொடராமலும் இருக்கலாம். கடைக்காரன் உறவினன் இல்லை, அந்நியனும் இல்லை. இந்த நடுவிடம் நம் தொழிலுக்கு வாய்த்த ஒன்று. ஆலிமுக்கும் டாக்டருக்கும்கூட இவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை என்பது நமது அபிப்பிராயம்.

"வியாபார நேரத்தில் கதை கேட்டுக்கொண்டிருந்தால் கடை நடக்குமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூட்ட நேரத்தில் கேட்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. லுஹருக்கும் அஸருக்கும் இடையே கடை ஓய்ந்திருக்கும் நேரம் எல்லாக் கடையிலும் உண்டு. வயதானவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறார்கள். கூட்டத்தில் அவர்களை யார் கவனிப்பார்கள்?

இனிக் கேட்கும் முறை. இதில் நம் முன்னோர்களான ஹதீஸ் கலை வல்லுநர்களை மிஞ்சியவர் இல்லை. ஒரே ஒரு ஹதீஸை அதைக் கேட்டவர் வாயிலிருந்தே கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாதப் பயணம் போனார்கள். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், நேரில் கேட்டாரா என்று சங்கிலியைப் பிடித்துப் போவது அவர்கள் வழக்கம். சாமானியர் கதைக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். ஆனால் "கண்டதா, கேட்டதா?" என்ற ஒரு கேள்வி அவசியம். நாம் சொன்ன பெரியவரிடம் இதைக் கேட்டபோது அவரே பிரித்துச் சொன்னார்: வாந்திபேதி கண்டது; பாலத்தின் மேல் குண்டு விழுந்தது வேறு முகாமிலிருந்து வந்தவன் சொல்லக் கேட்டது. எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆண்டைக் கேட்காதீர்கள். ஆண்டைக் கேட்டால் தடுமாறுவார்கள். தடுமாறினால் வெட்கப்பட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "தீபாவளிக்கு முன்னா பின்னா? நோன்பு மாதமா? அப்போது அரிசி என்ன விலை?" என்று கேட்டால் உடனே பதில் வரும். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு செல்லாமற்போன நாளை அந்தத் தலைமுறையில் மறந்தவர் உண்டா? இடையில் புகுந்து நம் கதையைச் சொல்லத் தொடங்குவது, நமது ஆட்களிடம் உள்ள பெரிய வியாதி. அதை அடக்க வேண்டும்.

ஒன்றை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டு மருமகள் சண்டையும், எதிர்க்கடைக்காரரின் கடனும் கதை என்ற பெயரில் நம்மிடம் வரும். அது புறம், கேட்பவனுக்கும் அதில் பங்குண்டு. "பெரியம்மா, உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று பேச்சைத் திருப்பிவிடலாம். நம்பிச் சொன்னது அமானிதம்; அடுத்த வாடிக்கையாளரிடம் அதை விற்கக் கூடாது. யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டறிந்து, அதற்குத் தக்கபடி கடனை இறுக்குகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது வேவு.

வாடிக்கையாளர் மட்டுமா? நம் சொந்தப் பெரியவர்கள் கதையும் அப்படித்தான் கிடக்கிறது. 1926இல் கட்டப்பட்ட ராஜுலா கப்பல், எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம்மவர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவந்தது. அதன் மேல்தட்டில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுவர்கள் இன்று எழுபதும் எண்பதும் ஆன நானாமார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் சம்பளம் எவ்வளவு, கடையில் எங்கே படுத்தீர்கள், ஊருக்குப் பணம் யார் கையில் கொடுத்தனுப்பினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூரில் 1979லேயே அரசாங்கம் இதற்கென ஒரு பிரிவை ஏற்படுத்தி, பலதரப்பட்ட மக்களின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்யத் தொடங்கியது. தமிழிலும் பதிவுகள் இருக்கின்றன. அரசாங்கம் எல்லார் வீட்டுக்கும் வர முடியாது. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவு செய்யும் தொலைபேசி இருக்கிறது. சம்மதம் கேட்டுவிட்டு அதை மேசைமேல் வைத்தால் போதும்.

தொலைபேசி பழுதானால் பேச்சும் போய்விடும். ஆதலால் தாளிலும் எழுதி வையுங்கள். சொன்னவர் பெயர், சொன்ன நாள், கேட்டவர் பெயர் மூன்றும் தலைப்பில் இருக்கட்டும். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள்; "பாம்பாங்" என்றால் "பாம்பாங்" என்றே இருக்கட்டும், சரியான பெயரைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.