சமையல் கேஸ் குழாய்க்கு எந்த வால்வு?

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் சொல்லிவிடுகிறோம். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறோம். கேஸை மூடியாயிற்றா என்று கேட்டால், "அடுப்பு ஆஃப்தான்" என்று பதில் வரும். அடுப்பின் திருகை மூடுவது வேறு, கேஸ் வரும் வழியை மூடுவது வேறு. இந்த இரண்டாவதைப் பற்றிச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

சமையலறை சிறியதாக இருக்கும் வீடுகளில் சிலிண்டரைப் பால்கனியில் நிறுத்தி, சுவர் வழியே செப்புக் குழாய் போட்டு அடுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரெகுலேட்டரும் பால்கனிக்குப் போய்விடுகிறது. வாணலி எண்ணெய் தீப்பிடித்துக்கொண்டால், பால்கனிக் கதவைத் திறந்து, துணி உலர்த்தும் கொடியைத் தாண்டிப் போய் அதை மூட நேரம் ஏது? ஆகவே சமையலறைக்குள்ளேயே, செப்புக் குழாய் முடிந்து ரப்பர்க் குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு வால்வு அவசியம்.

வாங்க வேண்டியது பால் வால்வு. உள்ளே துளையிட்ட ஓர் உலோக உருண்டை இருக்கும். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிகூட வாசற்படியில் நின்றே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பல சுற்றுத் திருக வேண்டிய கேட் வால்வில் இந்த வசதி கிடையாது. முழுதும் மூடியதா, பாதியில் நின்றதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

பிளம்பர் சிலர் தண்ணீருக்கான வால்வையே போட்டுவிட்டு, "பத்து கிலோ பிரஷர் தாங்கும்" என்பார்கள். அவர் சொல்வது பொய்யல்ல, ஆனால் விஷயம் அதுவன்று. சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகம் என்றாலும், ரெகுலேட்டரைத் தாண்டி வரும் கேஸுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிராம் அழுத்தந்தான். ஓர் அடி உயரத் தண்ணீரின் கனம், அவ்வளவே. இங்கே வலிமைக்கு வேலையில்லை, கசியாமைதான் முக்கியம். தண்ணீர் வால்வு கசிந்தால் சொட்டும், துடைத்துக்கொள்ளலாம். கேஸ் சொட்டாது. மேலும், சாதாரண ரப்பர் வாஷர் எல்.பி.ஜி. பட்டு நாளடைவில் உப்பிக் கெட்டுப்போகும். கேஸுக்கென்றே செய்த வால்வில் பித்தளை உடலும், உருண்டையைச் சுற்றி டெஃப்லான் வளையமும், கேஸைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரும் இருக்கும். 'கேஸுக்கு' என்று குறித்திருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குங்கள். ஐம்பது நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இதுவா இடம்?

பொருத்தும் இடம் பற்றி ஒரு வார்த்தை. அடுப்புக்குப் பின்னால் வைக்காதீர்கள். தீ எரியும்போது அதன்மேல் கையை நீட்டி யார் மூடுவது? அடுப்புக்குப் பக்கவாட்டில், பெரியவர் கைக்கு எட்டி, சின்னக் குழந்தைக்கு எட்டாமல் இருக்கட்டும். அதற்கு அப்பால் வரும் ரப்பர்க் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேற்படக் கூடாது. ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாயானாலும் ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டும். ரப்பர்க் குழாயைச் சுவருக்குள் நுழைக்கவே கூடாது. இந்த வேலைகளை ஏஜென்சி மெக்கானிக்கிடம் விடுவதே சரி. அவர் போன பிறகு நீங்களே சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள். அடுப்பு அணைந்தும் வால்வு திறந்தும் இருக்க வேண்டும். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வீரம் வேண்டாம்!

மும்பை, டில்லி முதலிய நகரங்களில் இப்போது பல வீடுகளுக்குக் குழாய் கேஸ் வந்துவிட்டது. அங்கே மீட்டர் அருகில் ஒரு வால்வும் அடுப்பருகில் ஒன்றும் கம்பெனிக்காரர்களே வைத்துத் தருகிறார்கள். அவற்றை நாமாக மாற்றக் கூடாது. மீட்டர் வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வாடகை வீடானால், குடிபோகும் அன்றே வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கசிவு வாசனை வந்தால் வால்வை மூடுங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், மின்விசிறி உட்பட எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். ஆகவே ஜன்னல் மட்டும் போதாது, கதவும் திறக்க வேண்டும். குழாய் கேஸோ இலேசானது, கூரைப் பக்கம் சேரும். வெளியே வந்து நின்றபின் போன் செய்யுங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கு நாடெங்கும் 1906. குழாய் கேஸ் கம்பெனியின் அவசர எண் பில்லிலேயே இருக்கும்.

ஊருக்குப் போகும் நாளில், கடைசிக் காப்பி போட்டு முடிந்ததும் அடுப்பு எரியும்போதே ரெகுலேட்டரை மூடுங்கள். குழாயில் நின்ற கேஸ் எரிந்து அடுப்பு தானே அணையும். பிறகு அடுப்புத் திருகையும் பால் வால்வையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டர் வாயில் பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் போடுங்கள். அந்த மூடி நூலோடு சிலிண்டரிலேயே தொங்கும், பலர் அறுத்து எறிந்துவிடுகிறார்கள். குழாய் கேஸ் வீட்டில் மீட்டர் வால்வையும் மூடிவிட்டு, அது இருக்கும் இடத்தைப் பக்கத்து வீட்டாருக்கு அவர்கள் பாஷையிலேயே காட்டிச் சொல்லிவிட்டு வண்டி ஏறுங்கள்.