ஆங்கிலச் சொல் தேடப் பழகுவோருக்கு

ஸ்கிராபிள் பலகைக்கு முன்னால் உட்காரும் பிள்ளைகளில் பலர், “நான் தமிழ் வழியில் படிக்கிறேன், எனக்கு இது வருமா ஐயா?” என்று கேட்கிறார்கள். வரும். ஐந்தெழுத்தில் ஒரு சொல் வேண்டும், அதில் இன்னின்ன எழுத்துகள் இருக்க வேண்டும் என்றால், அதைக் கண்டுபிடிப்பது தனிப் பழக்கம். ஆங்கிலம் சரளமாகப் பேசுவது வேறு பழக்கம். முதல் பழக்கத்துக்கு நான் பிள்ளைகளிடம் சொல்லி வருபவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் பயத்தை விடுங்கள். நைஜல் ரிச்சர்ட்ஸ் என்றொருவர். நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழ்பவர். ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலகப் பட்டம் வென்றவர். 2015-இல் பிரெஞ்சு மொழிப் போட்டியிலும் வென்றார். பிரெஞ்சில் பேச அவருக்குத் தெரியாது. சொற்பட்டியலைச் சில வாரங்கள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் இதேபோல் உலகப் பட்டம் பெற்றார். ஒரு மொழியைப் பேசவே தெரியாதவர் அதில் வெல்ல முடிகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படிக்கும் நீங்கள் தயங்க ஒரு காரணமும் இல்லை.

2. எந்த எழுத்து எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர், நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணி எண்ணித்தான் எந்த எழுத்துக்கு எத்தனை காய் என்று முடிவு செய்தார். 100 காய்களில் இ மட்டும் 12. ஏ, ஐ இரண்டும் ஒன்பது ஒன்பது. ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஒவ்வொன்றே. எஸ் நான்குதான் உண்டு. பன்மையாக்கியே பிழைத்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே குறைத்தார். ஆகவே கைக்கு வந்த எஸ்ஸைச் சில்லறைப் புள்ளிகளுக்காகச் செலவிடாதீர்கள்.

3. காய்களை அகரவரிசையில் அடுக்குங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பலன் தரும் பயிற்சி வேறில்லை. ஓ, பி, எஸ், டி என்ற நான்கு எழுத்தைப் பாருங்கள். ஸ்டாப், ஸ்பாட், போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ், ஆப்ட்ஸ் என்று ஆறு சொற்கள் அதற்குள் இருக்கின்றன. இந்த நான்கும் எந்த வரிசையில் கைக்கு வந்தாலும், அகரவரிசையில் அடுக்கினால் ஒரே தோற்றம்தான். அந்தத் தோற்றத்தைக் கண் பழகிவிட்டால் ஆறு சொல்லும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

சிறு அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அகரவரிசை எழுத்துகள், மறுபக்கம் அவற்றால் ஆகும் சொற்கள். நாலெழுத்தில் தொடங்கி ஏழெழுத்துக்குப் போங்கள். ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழும் சேர்ந்து வந்தால் அன்று உங்களுக்கு நல்ல நாள். ரீட்டெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ரெட்சினா எல்லாம் அதிலிருந்து வரும். ஏழு காயையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்பதால், அனுபவசாலிகள் இந்த ஏழில் ஆறையாவது கையில் சேர்த்து வைக்கப் பார்ப்பார்கள்.

4. சொல்லின் ஓரங்களைப் பிரித்து வையுங்கள். ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் வலப்பக்கம் ஒதுக்குங்கள். மிச்சம் ஏ, ஆர், எஸ், டி என்றால் ஸ்டார் தெரியும், ஸ்டேரிங் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதே ஏழில் ரேட்டிங்ஸ் என்ற சொல்லும் உண்டு. எஸ்ஸைக் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தவருக்குத்தான் அது அகப்படும்.

5. இரண்டெழுத்துச் சொற்களை முழுதாக மனப்பாடம் செய்யுங்கள். போட்டிப் பட்டியலில் நூற்றுக்குச் சற்று மேல்தான் இருக்கின்றன. பலகையில் இருக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் ஒட்டி இன்னொன்றை வைத்து இரு திசையிலும் புள்ளி எடுக்க இவைதான் வழி. க்யூவும் ஐயும் சேர்ந்த சொல் உண்டு. இசட்டும் ஏவும், ஜேயும் ஓவும், எக்ஸும் ஐயும் அப்படியே. யு இல்லாமல் க்யூ வந்துவிட்டதே என்று இனி கவலை வேண்டாம்.

6. வேர்டில் ஆடுவோருக்கு. ஜோஷ் வார்டில் தம் துணைவிக்காக உருவாக்கி 2021-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஆட்டம் இது. ஐந்தெழுத்து, ஆறு வாய்ப்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது. கடைசி நான்கு எழுத்து ஐ, ஜி, எச், டி என்று தெரிந்துவிடும், முதலெழுத்துதான் தெரியாது. ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், எய்ட் என்று எட்டு சொற்கள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டால் வாய்ப்பு தீர்ந்துவிடும். ஃபார்ம்ஸ் என்று ஒரு சொல் போடுங்கள். எஃப், ஆர், எம், எஸ் நான்கும் ஒரே அடியில் சோதிக்கப்பட்டுவிடும். விடை அதுவாக இருக்காது என்று தெரிந்தே போடும் துணிவு இங்கே வேண்டும். கடின முறையில் மட்டும் இதற்கு அனுமதி இல்லை. இன்னொன்று: ஒரே எழுத்து இரண்டு முறை வரலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

7. குறுக்கெழுத்தில் குறிப்பின் கடைசியில் இருக்கும் எண்ணை, அதாவது விடைக்கு எத்தனை எழுத்து என்பதை, முதலில் பாருங்கள். எழுத்துகளைக் கலைத்துச் சேர்க்கச் சொன்னால் அவற்றை வட்டமாக எழுதுங்கள். வரிசையாக எழுதினால் பழைய சொல்லே கண்ணை மறைக்கும்.

8. கற்ற சொல்லின் பொருளையும் மெல்ல மெல்லப் படியுங்கள். ஆட்டத்துக்கு அது தேவையில்லை, உங்களுக்குத் தேவை. இட்லி, தோசை கூட ஆங்கிலப் போட்டிப் பட்டியலில் இருக்கின்றன. கையில் இரண்டு ஐ சேர்ந்து திண்டாடும்போது இட்லி கைகொடுக்கும்.

9. எழுத்தைத் தட்டினால் சொற்களை அடுக்கித் தரும் செயலிகள் நிறைய வந்துவிட்டன. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டால் போதும். ஆட்டம் முடிந்த பிறகு அவற்றைத் திறந்து, தவறவிட்ட சொற்களைப் பார்த்து அட்டையில் ஏற்றுங்கள். நடுவில் திறப்பது எதிரில் இருப்பவரை ஏமாற்றும் வேலை. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

10. இது ஆசிரியர்களுக்கு. உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு ஸ்கிராபிள் பலகையும், சுவரில் இரண்டெழுத்துச் சொற்பட்டியலும் வையுங்கள். ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூசும் பிள்ளையை அதன் முன் உட்கார வைத்து, வாரம் ஒருமுறையாவது ஆட விடுங்கள்.