குப்பிக்குள் பாதரசமா?

துறையூரைச் சுற்றியுள்ள துணைச் சுகாதார நிலையங்களில் புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். அதற்கு முந்தைய இரவே யாராவது ஒரு சொந்தக்காரர் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறார்: ‘தடுப்பூசியில் பாதரசம் இருக்கிறது, அலுமினியம் இருக்கிறது, பிஞ்சு உடம்பு தாங்குமா?’ பெற்றவர்கள் இதைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் ‘தடுப்பூசி’ என்று ஒரே ஒரு மருந்து கிடையாது. எந்தக் குப்பி, எவ்வளவு, எந்த வடிவில் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் பெரும் பயத்தைக் கிளப்பிய ஓர் ஊசியை எடுத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான சுமார் 1.76 கோடிப் பேருக்குப் போடுவதாகத் திட்டம். வாட்ஸ்ஆப் சேதிகளை நம்பிப் பெற்றோர் பலர் பின்வாங்கியதால் முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இந்தக் குப்பியில் பாதரசமும் இல்லை, அலுமினியமும் இல்லை. உள்ளே இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். கிருமியைக் கொல்லும் பொருளைச் சேர்த்தால் தடுப்பூசியே வீணாகிவிடும். அதனால்தான் பொடியில் நீர்மத்தைக் கலந்ததும் செவிலியர் குப்பியின் மேல் நேரத்தை எழுதுகிறார். 4 மணி நேரம் தாண்டினால் மிச்சமிருப்பதைக் கொட்டிவிட வேண்டும்.

ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசியின் கதை வேறு. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வந்தது. அரசு தரும் பல தவணைக் குப்பியில், கிருமி பெருகாமல் தடுக்க, தயோமெர்சல் என்ற பாதரசச் சேர்மம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அரை மில்லி ஊசியில் சுமார் 25 மைக்ரோகிராம், அதில் பாதியளவு பாதரசம். பத்துக் குழந்தைகளுக்கான குப்பியில் பத்து முறை ஊசி குத்துகிறோம். ஒரு முறை கிருமி உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை 1928இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரம் பார்த்தது. அங்கே பாதுகாப்புப் பொருள் சேர்க்காத தொண்டை அடைப்பான் மருந்தில் கிருமி பெருகி 12 குழந்தைகள் இறந்தனர். பாதரசத்திலும் வகை உண்டு. ஜப்பானின் மினமாட்டாவில் மீன் வழியாக மக்களை முடக்கியது மீத்தைல் பாதரசம். தயோமெர்சல் உடம்பில் உடைந்து தருவது எத்தைல் பாதரசம். முன்னது இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மாதம் பிடிக்கிறது, பின்னது கைக்குழந்தைகளிடமே சில நாளில் பாதியாகிறது.

‘தீங்கில்லை என்றால் அமெரிக்கா தயோமெர்சலை ஏன் நீக்கியது?’ நியாயமான கேள்வி. 1999இல் முன்னெச்சரிக்கையாக முடிவெடுத்து, 2001க்குள் குழந்தைகளின் வழக்கமான ஊசிகளிலிருந்து நீக்கினார்கள். டென்மார்க் 1992இலேயே நிறுத்திவிட்டது. சிலர் சொல்வதுபோல் பாதரசம்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்றால் அதன்பின் ஆட்டிசக் குழந்தைகளின் எண்ணிக்கை இறங்கியிருக்க வேண்டும். இரண்டு நாடுகளிலும் ஏறியது.

அலுமினிய உப்பு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவதற்காகச் சேர்ப்பது. ‘தாய்ப்பாலில் இதைவிட அதிகம் இருக்கிறது’ என்று சிலர் பதில் சொல்கிறார்கள். எனக்கு அது அரைகுறைப் பதிலாகவே படுகிறது. குடிக்கும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போவதில்லை, ஊசியில் போவதோ முழுவதும் உடம்புக்குள் சேர்கிறது. சரியான பதில், ஊசி போட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்ப்பது. டென்மார்க்கில் அப்படி 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். ஆட்டிசம், ஆஸ்துமா உட்பட 50 நோய்களைப் பார்த்தார்கள். அலுமினியம் கூடக்கூட நோய் கூடியதாக எதிலும் தெரியவில்லை.

ஊசியால் எந்தத் தொந்தரவும் வராது என்று சொன்னால் அதுவும் பொய்தான். பென்டாவுக்குப் பின் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் சாதாரணம். கடும் ஒவ்வாமை, பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் வரலாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்ததும் நடந்த செய்திதான். அந்தக் குப்பியிலும் பாதரசமோ அலுமினியமோ கிடையாது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு அரசு மாற்றியது மருந்தின் சேர்மானத்தை அல்ல, ஊசி போடும் இடத்தை. கிராமத்து ஊசி முகாம்களை அப்போது நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனது.

ஆகவே புதன்கிழமை போகும்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஊசியும் சிரிஞ்சும் உறையிலிருந்து புதிதாகப் பிரிக்கப்படுகிறதா, தட்டம்மைக் குப்பியில் கலந்த நேரம் எழுதியிருக்கிறதா, குப்பியில் வெப்பத்தைக் காட்டும் வட்டக் குறிக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.