அடைமழை நாளில் ஜெனரேட்டர் மக்கர் செய்வது ஏன்?

காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்பை அடுத்த படுகையில் ஒரு வாழைத் தோட்டம். நடுவே ஒரு வீடு. மின்கம்பம் அங்கு எட்டவில்லை. சூரிய ஒளித் தகடு, பாட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றைக் கொண்டு வீட்டுக்கு விளக்கும் சிறு மோட்டாரும் இயங்குகின்றன. துணைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. இப்படி ஒரு வீட்டை எண்ணிக் கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் நாலைந்து நாள் மூடிக் கிடந்தால் தகடு போதிய மின்சாரம் தராது, பாட்டரி இறங்கிவிடும். ஜெனரேட்டரை நம்ப வேண்டிய நாள் அதுதான். மாதக் கணக்கில் சும்மா கிடந்த என்ஜின் அன்றைக்குத்தான் மக்கர் செய்யும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல ஊர்களில் ஜெனரேட்டர் கொண்டுவந்துதான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது. எனவே இந்த எந்திரத்தைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது கம்பம் எட்டாத வீட்டாருக்கு மட்டுமன்றி எல்லா விவசாயிகளுக்கும் பயன்படும்.

என்ஜின் கிளம்பவில்லையா?

முதலில் டாங்கியில் டீசல் உள்ளதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாங்கி ஒருமுறை காலியாகி ஓடி நின்றிருந்தால் குழாயில் காற்று பிடித்துவிடும். அதன்பின் எவ்வளவு சுற்றினாலும் என்ஜின் கிளம்பாது. டீசல் ஊற்றி, பில்டர் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தினால் நுரையும் குமிழியுமாக டீசல் வரும். குமிழி நின்று சீராக வழிந்ததும் திருகை இறுக்க வேண்டும். அடுத்து பம்பிலுள்ள திருகிலும் இவ்வாறே செய்ய வேண்டும். கடைசியாக நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, என்ஜினைக் கையால் சுற்றி, டீசல் வந்ததும் இறுக்கிவிடலாம். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டக் கூடாது. அதன் அழுத்தம் தோலைத் துளைத்துவிடும்.

மழைக்காலத்தில் பாதி காலியான டாங்கியின் உட்புறம் வியர்த்து, நீர் அடியில் தங்கும். பில்டரின் அடித் திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். டாங்கியை நிரப்பியே வைத்தால் இத்தொல்லை குறையும்.

சாவி போட்டுக் கிளப்பும் வகையாயின் 12 வோல்ட் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ் உள்ளது எனலாம். 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்ற வேண்டும். முனைகளில் பூத்துள்ள உப்பை வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்கினாலே சில வேளை என்ஜின் கிளம்பிவிடும்.

என்ஜின் ஓடுகிறது, பாட்டரி ஏறவில்லையா?

பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். நான்கு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால்தான் 50 சைக்கிள் மின்சாரம் கிடைக்கும். வேகம் குறைந்தாலோ ஏறி இறங்கினாலோ இன்வெர்ட்டர் அந்த மின்சாரத்தை ஏற்க மறுத்துவிடும். பழுது இன்வெர்ட்டரில் என்று எண்ணி அதைக் கழற்றுவது வீண் செலவு. என்ஜினை ஐந்து நிமிடம் பளுவின்றி ஓடவிட்டுச் சூடேற்றி, வோல்ட்டும் சைக்கிளும் சரியாக உள்ளனவா என்று மீட்டரில் பார்த்த பிறகே பளு ஏற்ற வேண்டும்.

பளு ஏற்றியவுடன் என்ஜின் திணறினால் சார்ஜ் அளவு மிகுதி என்று பொருள். 48 வோல்ட் பாட்டரிக்கு 60 ஆம்பியர் சார்ஜ் என்றால், சார்ஜ் ஏறும்போது சுமார் 56 வோல்ட் வீதம் 3,360 வாட் ஆகிறது. இழப்பையும் சேர்த்தால் 4,000 வாட்டை நெருங்கும். 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தரக்கூடியதோ சுமார் 2,400 வாட்தான். இன்வெர்ட்டரில் சார்ஜ் அளவை 30 ஆம்பியராகக் குறைத்தால் 2,000 வாட்டுக்குள் அடங்கும். நேரம் கூடுதலாகும், ஆனால் என்ஜின் நிற்காது.

புகை சொல்லும் சேதி

கரும்புகை வந்தால் பளு மிகுதி அல்லது ஏர் பில்டரில் தூசி அடைப்பு. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வெண்புகை, குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போது சிறிது வரலாம்; விடாமல் வந்தால் டீசலில் நீர் கலந்திருக்கலாம், அல்லது நாசில் பழுதாயிருக்கலாம்.

உயிருக்கு ஆபத்து

மழை பெய்கிறதென்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைத்து ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துவிடுவார். வீட்டிலிருந்து தள்ளி, கூரை மட்டும் போட்டு, நாற்புறமும் காற்றாட வைக்க வேண்டும். 2018 ஆகஸ்டு 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் உடைந்ததைப் படுகைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் எட்டாத உயரத்துக்கு மேடை கட்டுவது நல்லது.

மின் இணைப்பு உள்ள வீடுகளில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இன்றி ஜெனரேட்டரை இணைத்தால், மின்சாரம் கம்பிக்குத் திரும்பிச் சென்று, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

மாதம் ஒரு நாள்

மாதம் ஒருமுறை ஆயில் அளவு பார்த்து, பாதிப் பளுவில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். வெறுமனே ஓட்டினால் எரியாத டீசல் தங்கிக் கரி பிடிக்கும். தேதியையும் கண்ட குறையையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் மெக்கானிக்குக்கும் உதவும். புரட்டாசியிலேயே ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டால், ஐப்பசி அடைமழையில் இருட்டில் தவிக்க நேராது.